ஆறு தெளிந்த கதையும் அதற்குக் கொடுத்த விலையும்

முதலில் நாடு வளரட்டும், பணம் சேர்ந்த பிறகு சுற்றுச்சூழலைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று வாதிடுவோர் உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் வரலாறு இந்த வாதத்துக்கு நல்ல உரைகல்.

1819ல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய காலம்தொட்டு, இந்த ஆறுதான் வணிகத்தின் உயிர்நாடி. கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரையோரக் கிடங்குகளுக்கும் இடையே தொங்கான்கள் சரக்கு ஏற்றிச் சென்றன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைச் செலுத்தியவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். சூலியா ஸ்திரீட் இன்றும் அவர்களது பெயரைத் தாங்கி நிற்கிறது.

வணிகம் பெருகியது; ஆறு கறுத்தது. கழிவுநீர்க் குழாய் இல்லாத குடியிருப்புகளின் அழுக்கு, சாலையோர உணவுக் கடைகளின் மிச்சம், படகுகளின் எண்ணெய், பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவு என அனைத்தும் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் வடிநிலத்திலும் கலந்தன.

1977 பிப்ரவரி 27ஆம் தேதி அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஓர் இலக்கை முன்வைத்தார். பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்க முடிய வேண்டும் என்றார்.

குப்பையை அள்ளுவதோடு அந்தப் பணி நிற்கவில்லை. மாசு பிறக்கும் இடத்துக்கே சென்றது. சுமார் 26,000 குடும்பங்கள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கிட்டத்தட்ட 5,000 சாலையோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983ல் சுமார் 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. 1987ல் ஆறு தெளிந்தது. இழப்பீடு நீங்கலாக ஆன செலவு ஏறக்குறைய 170 மில்லியன் வெள்ளி.

ஆனால் உண்மையான விலை வெள்ளிக் கணக்கில் மட்டும் அடங்காது. 1972ல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது முதலே தொங்கான் தொழில் தளரத் தொடங்கியிருந்தது. இடமாற்றத்தோடு ஆற்றங்கரைப் பிழைப்பே முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாக ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள் பழகிய தொழிலையும் இடத்தையும் விட்டு விலகினார்கள். வளர்ச்சியின் பலனை நாடே அனுபவித்தது. சுத்தம் செய்வதன் சுமையோ கரையோர எளியவர்களின் தோளில் அதிகம் விழுந்தது.

மாற்று வீடும் மாற்றுக் கடையும் இழப்பீடும் வழங்கப்பட்டதால்தான் அந்தச் சுமை ஓரளவேனும் குறைந்தது. அவை இல்லாதிருந்தால் அது வெறும் விரட்டியடிப்பாகவே முடிந்திருக்கும்.

தூய்மையின் பலன் பின்னர் பெரிதாகத் திரும்பி வந்தது. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்த வைத்த ஆறு, இன்று குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தின் ஓர் அங்கம். சாக்கடையாகவே விட்டிருந்தால் தண்ணீருக்குத் தவிக்கும் இந்தச் சிறு தீவுக்கு அந்த வாய்ப்பு கிட்டியிருக்குமா?

பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம் என்போர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: அந்த நாள் வரும்போது வீட்டையும் தொழிலையும் விட்டுக்கொடுக்கப் போவது யார்? அதை இன்றே கேட்பதுதான் சமநிலையின் தொடக்கம்.