இரும்பு இரக்கப்படாது



பரிசளிப்பு நாளன்று ஓடியவனுக்கும் தாண்டியவனுக்கும் கோப்பை கொடுக்கிறோம். எல்லாரும் கைதட்டுகிறோம். ஓட முடியாத பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? "ஐயோ, பாவம்" என்ற ஒரு சொல்லைக் கொடுக்கிறோம். அது நல்ல மனத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தச் சொல் பிள்ளையைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்ப்பதற்காகவே நம் நாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதுகிறேன்.

அவர் பெயர் போனி புன்யாவ் கஸ்டின். 1999ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி பிறந்தவர். சரவாக் மாநிலத்தில், கூச்சிங் நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள செரியான் அவருடைய ஊர். துரியானுக்குப் பேர் போன இடம். போனிக்குக் கால்களில் குறைபாடு. ஆனால் அவர் வீட்டில் அதைக் காரணம் காட்டி யாரும் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. தந்தை பளுதூக்குதலில் ஈடுபட்டிருந்தவர். சகோதரர் பிரையனும் உடற்குறையுள்ளோர் போட்டிகளில் பளு தூக்கும் வீரர். மற்ற வீட்டில் பந்து உருளும். அவர்கள் வீட்டில் இரும்பு உருண்டது.

இந்த விளையாட்டு எப்படி வந்தது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு அடிபட்ட போர்வீரர்களுக்கு இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்து மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. அங்கிருந்த டாக்டர் லுட்விக் குட்மன், "படுத்தே கிடந்தால் மனிதன் செத்துப் போவான், விளையாட விடவேண்டும்" என்ற எண்ணம் கொண்டவர். 1948ஆம் ஆண்டு சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து அம்பெய்யும் போட்டி ஒன்றை நடத்தினார். அந்தச் சிறு விதைதான் வளர்ந்து, 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆயிற்று. அடுத்து 1964இல் தோக்கியோவில் நடந்தபோது பளுதூக்குதலும் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் முதுகெலும்பு அடிபட்ட ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. பிறகு மற்ற உடற்குறை உள்ளவர்களும் வந்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் பெண்களும் வந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் நல்ல பெயர் உண்டு. மாரியப்பன் பெருமாள் என்னும் நம்மவர் பாராலிம்பிக்கில் பளு தூக்கி மலேசியாவுக்கு வெண்கலப் பதக்கம் கொண்டு வந்தவர். 2008இல் பெய்ஜிங்கில் சியோவ் லீ சான் என்ற பெண்மணி வெண்கலம் வென்றார். தங்கம் மட்டும் எட்டாமலே இருந்தது.

போட்டி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். வீரர் நீளமான ஒரு பலகையில் மல்லாந்து படுப்பார். கால்களையும் பலகை மேலேயே நீட்டி வைத்து வாரால் கட்டிக்கொள்வார். ஆகவே, காலை ஊன்றி எக்கி எழும் பேச்சே இல்லை. இரும்புத் தண்டைக் கைகளில் ஏந்தி, நெஞ்சுவரை இறக்கி, அங்கே அசையாமல் ஒரு கணம் நிறுத்தி, இரண்டு கைகளும் சமமாக நீளும்படி மேலே தள்ள வேண்டும். ஒரு கை முந்தினாலும் குற்றம். நெஞ்சில் பட்டுத் துள்ளினாலும் குற்றம். மூன்று நடுவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் தூக்கியது செல்லும். மூன்றே வாய்ப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்றப் பல விளையாட்டுகளில் குறைபாட்டின் அளவைப் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். இங்கே உடல் எடையைப் பார்த்துத்தான் பிரிவு. கால் இல்லாதவனும், கால் சூம்பியவனும், முதுகு அடிபட்டவனும் ஒரே பலகையில் படுத்து ஒரே இரும்பைத் தூக்க வேண்டும். அந்த இரும்பு யாரையும் பார்த்து "ஐயோ, பாவம்" என்று சொல்லி எடை குறைவதில்லை.

கோவிட் தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போன தோக்கியோ பாராலிம்பிக், 2021ஆம் ஆண்டு பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடந்தது. ஆகஸ்டு 28ஆம் தேதி, 72 கிலோ எடைப் பிரிவில் போனி பலகையில் படுத்தார். அப்போது அவருக்கு வயது 22. தூக்கியது 228 கிலோ, பாராலிம்பிக் சாதனை! நம்ம கணக்கில் சொன்னால், ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை நாலரை. தோட்டத்தில் இருபது கிலோ செம்பனைக் குலை என்றால் பதினொன்றுக்கு மேல். வெள்ளி வென்ற எகிப்து வீரர் மஹ்மூத் அத்தியா தூக்கியது 191 கிலோ. வெண்கலம் பெற்ற பிரிட்டன் வீரர் மிக்கி யூல், ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் கால்களை இழந்த படைவீரர்; அவர் தூக்கியது 182 கிலோ. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் 37 கிலோ வித்தியாசம்! பாராலிம்பிக் பளுதூக்குதலில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1964இல் எந்த நகரில் இந்த விளையாட்டு பாராலிம்பிக்கில் நுழைந்ததோ, அதே நகரில் 57 ஆண்டுகள் கழித்து நெகாராகூ ஒலித்தது.

அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் உலக வெற்றியாளர் ஆனார். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 220 கிலோ தூக்கித் தங்கம். 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் 232 கிலோ தூக்கி, உலக சாதனையோடு மறுபடியும் தங்கம். தோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் இடையே கூடியது நாலே கிலோ. அந்த நாலு கிலோவுக்கு மூன்று வருட உழைப்பு! அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நம் அரசாங்கமும் 2016 ரியோ பாராலிம்பிக் முதல், பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்குச் சமமாகப் பத்து லட்சம் வெள்ளி ஊக்கத்தொகை என்று வைத்தது. பணம் பெரிதென்று இதைச் சொல்லவில்லை. சமம் என்று சொன்னார்களே, அதுதான் பெரிது.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு பையன். ஒரு கால் வளைந்திருக்கும். உடற்பயிற்சி நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தேன். அன்பாக நடத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது மேசையருகே வந்து நின்றான். "சார், எனக்கும் ஒரு நம்பர் குடுங்க சார்" என்றான். அவன் தாயாரோ, "வேணாம் வாத்தியாரே, எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க" என்று கண் கலங்கினார். கடைசியில், உட்கார்ந்தபடி பந்தெறியும் போட்டி ஒன்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்தேன்.

அவன் எறிந்த பந்து விழுந்த இடத்தில் நான்தான் குச்சி நட்டேன். இரக்கத்தில் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, அவன் பார்த்துவிட்டான். "சார், அங்க இல்ல, இங்கதான் விழுந்துச்சு. சரியா அளங்க சார்" என்றான். குச்சியைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு சாண் குறைத்து அளந்தும் கிடைத்த பரிசு அது. ஆகவே முழுக்க அவனுடையது. அன்று அவன் எனக்கு வாத்தியார் ஆனான்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் விருந்தாளி வரும்போது உள்ளறையில் மறைக்காதீர்கள். சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுத்துக் கொடுங்கள். படிப்பிலும் விளையாட்டிலும் மற்றவர்களைப் போலப் பங்குகொள்ளும் உரிமையை 2008ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்குத் தந்திருக்கிறது. பாரம் எளிதான நூலோ, கனமான இரும்போ, ஏதோ ஒன்றை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, அப்படிப்பட்ட தோழன் உங்களோடு படித்தால் அவனுக்காக இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டாம். அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வென்றால் கைதட்டுங்கள். தோற்றால், "நாளைக்கு மறுபடியும் வாடா" என்று கூப்பிடுங்கள். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.