வாங்குவாரின்றி நின்ற வண்டி

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்பவன் அதன் நிறத்தை மட்டும் கண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழியைப் பார்க்கின்றான், நடக்கவிட்டுப் பார்க்கின்றான். அமெரிக்க நாட்டில் கொர்வெட் என்னும் பழைய திறந்த மோட்டார் வண்டியை வாங்க விரும்புவோரும் இவ்வாறே செய்கின்றனர். வண்டியின் கீழே படுத்து இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பர். எஞ்சினில் பொறித்த இலக்கங்களை விளக்குப் பிடித்து வாசிப்பர். 1953ஆம் ஆண்டில் 3,498 டொலருக்கு விற்ற வண்டிக்கு இன்று அதைப்போற் பல பத்து மடங்கு பணம் கொடுக்கவும் ஆட்கள் இருக்கின்றனர். ஆனால் இதே வண்டி, பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வாங்குவார் எவருமின்றித் தொழிற்சாலை முற்றத்திலும் விற்பனைச் சாலைகளிலும் தேங்கி நின்றது என்பதும், அதன் உற்பத்தியையே நிறுத்திவிடலாம் என்னும் யோசனை எழுந்தது என்பதும் பலர் அறியாத வரலாறு.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து தாயகம் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர் சிலர், இங்கிலாந்திலே தாங்கள் கண்டு மகிழ்ந்த சிறிய, தாழ்ந்த, இருவர் மட்டும் அமரக்கூடிய திறந்த கார்களை மறக்கவில்லை. யுத்தத்தினால் வறுமையுற்றிருந்த பிரித்தானியாவுக்கோ டொலர் தேவையாயிருந்தது. ஆகவே எம். ஜி. கார்களும், 1948இல் அறிமுகமான ஜகுவார் எக்ஸ். கே. 120 வண்டிகளும் அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்கலாயின. அமெரிக்கக் கம்பனிகளோ அகன்று நீண்ட குடும்பக் கார்களையே செய்துகொண்டிருந்தன. இக்குறையை உணர்ந்தவர் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் வடிவமைப்புப் பகுதியை 1927 முதல் நடத்திவந்த ஹார்லி ஏர்ல். அமெரிக்கருக்கென ஒரு திறந்த விளையாட்டுக் கார் வேண்டும் என்று அவர் கருதினார்; 1951ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கான வேலையை மறைவாகத் தொடங்கினார்.

1953ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நியூ யோர்க் நகரின் வால்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில் அந்த வண்டி மக்கள் முன் வைக்கப்பட்டது. விரைந்து செல்லும் சிறிய போர்க்கப்பலைக் குறிக்கும் கொர்வெட் என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. வெள்ளை நிறம், உள்ளே செந்நிற ஆசனங்கள், தலைக்குமேல் வானம். பார்க்க வந்தோர் அதைச் சூழ்ந்து நின்றனர். எங்கே வாங்கலாம், எப்போது கிடைக்கும் என வினவினர். கம்பனியும் தயங்காது உற்பத்தி செய்ய முடிவுசெய்தது.

விரைவாகச் செய்வதற்கு ஒரு தடை இருந்தது. உருக்குத் தகட்டை அழுத்தி வளைக்கும் அச்சுக்களைச் செய்யப் பெரும் பணமும் நீண்ட காலமும் வேண்டும். எனவே கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த உடலையே வண்டிக்குப் பொருத்தினர். அதே ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் முதல் வண்டி வெளிவந்தது. அவ்வாண்டில் செய்யப்பட்டவை 300 வண்டிகளே. அவை யாவும் ஒரே வெள்ளை நிறம்; யாவற்றுக்கும் கறுப்புச் சீலைக் கூரை.

கண்ணாடி நார் துருப்பிடிக்காது, அது நன்மை. ஆயினும் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை. சாதாரணக் காரில் உலோக உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாகும். இங்கே அதற்கெனத் தனிக் கம்பிகள் வேண்டியிருந்தன. எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலும் வண்டியிலிருந்த வானொலிப் பெட்டியில் தடையின்றிப் புகும். அதைத் தடுக்கத் தீப்பொறிக் கருவிகளுக்கு உலோக மூடி இடவேண்டியதாயிற்று. ஆனால் இதே குணத்தினால் ஒரு வசதியும் கிட்டியது. வானொலி அலைகள் கண்ணாடி நாரை ஊடுருவிச் செல்லுமாதலால், ஏரியலை வெளியே நீட்டாமல் பின்பக்கப் பெட்டியின் மூடிக்குள்ளேயே கம்பிவலையாகப் பதித்து வைத்தனர்.

இனி, அந்த 300 வண்டிகளை வாங்கியவர்கள் யார்? கண்காட்சியிலே ஆவலோடு விசாரித்த பொதுமக்கள் அல்லர். நகர மேயர்கள், திரைப்பட நடிகர்கள், பெருந்தொழில் அதிபர்கள் போன்ற பெயர் பெற்றோருக்கே முதலில் விற்கவேண்டும் என்று விற்பனையாளருக்குப் பணிக்கப்பட்டது. பெரியோர் செலுத்தினால் ஊரார் மயங்குவர் என்பது கம்பனியின் கணக்கு. பையில் பணத்தோடு வந்த சாதாரண வாலிபனுக்குப் பொறுத்திருக்கும்படி விடை கிடைத்தது. ஆயினும் ஆண்டு முடிவில் 200க்கும் குறைவான வண்டிகளே வாடிக்கையாளர் கையைச் சேர்ந்திருந்தன.

வாங்கிய பெரியோரும் மகிழவில்லை. இரண்டு சாதாரண செவ்ரலே கார்களின் விலைக்கு அண்மையான தொகையைக் கொடுத்தவர், மழை வந்தபோது ஏற்றி மூடக் கதவுக் கண்ணாடியே இல்லாததைக் கண்டார். திரைச் சட்டங்களை எடுத்துக் கையாற் செருகவேண்டியிருந்தது. அப்போதும் நீர் உள்ளே ஒழுகியது. கதவுக்கு வெளியே கைபிடி இல்லை. உள்ளே கைவிட்டே திறக்கவேண்டும். எஞ்சினோ குடும்பக் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திருத்தி 150 குதிரைச் சக்தி பெறச் செய்தது. அதனோடு இரண்டே வேகப் படிகளைக் கொண்ட தானியங்கிக் கியர். பந்தயப் பிரியருக்கு இது வேகம் போதாத வண்டி. சொகுசு தேடியோருக்கோ வசதி போதாத வண்டி.

1954இல் வேலை மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகருக்கு மாறியது. ஆண்டுக்குப் பதினாயிரம் வண்டிகள் செய்யலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் அவ்வாண்டு 3,640 வண்டிகளே செய்யப்பட்டன. அடிப்படை விலையை 2,774 டொலராகக் குறைத்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஆண்டு முடிவில் விற்பனையாகாமல் நின்றன. கேட்டபோது கொடுக்கவில்லை, கொடுத்தபோது கேட்பாரில்லை. 1955இல் செய்யப்பட்டவை 700 மாத்திரமே. அதே ஆண்டில் போட் கம்பனி தண்டர்பேட் என்ற இருவர் காரை, ஏற்றியிறக்கும் கண்ணாடிகளோடும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினோடும் வெளியிட்டுப் பதினாறாயிரத்துக்கு மேல் விற்றது. கொர்வெட்டின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அந்த வேளையில் அவ்வண்டிக்காகப் பேசியவர் அமெரிக்காவிற் பிறந்தவரல்லர். சோரா ஆர்க்கஸ் டன்ரோவ் என்னும் அப்பொறியியலாளர் 1909இல் பெல்ஜிய நாட்டிலே ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்தவர். யுத்த காலத்தில் பிரான்ஸ் வீழ்ந்தபின் தப்பி நியூ யோர்க் வந்து சேர்ந்தவர். 1953ஆம் ஆண்டுக் கண்காட்சியில் கொர்வெட்டைக் கண்டார். அதன் அழகு அவரைக் கவர்ந்தது. உள்ளிருந்த யந்திரம் ஏமாற்றம் தந்தது. செவ்ரலேயின் தலைமைப் பொறியியலாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதி, அவ்வாண்டு மே மாதத்திலேயே அங்கு வேலைக்கு அமர்ந்தார். 1954ஆம் ஆண்டு அக்டோபரில், வண்டியைக் கைவிடும் பேச்சு எழுந்தபோது, அவர் மேலதிகாரிகளுக்கு ஓர் அறிக்கை எழுதினார். இப்போது கைவிட்டால் தோல்வியை நாமே ஒப்புக்கொண்டதாகும். நாம் விட்ட இடத்தைப் போட் கம்பனி பிடித்துக்கொண்டு அதைத் தன் வெற்றியாக்கும் என்பது அதன் சாரம். போட்டியாளனுக்கு முன் பின்வாங்கக் கூடாது என்ற மானவுணர்ச்சியும் கம்பனித் தலைவர்களிடம் இருந்தது. வண்டி பிழைத்தது.

பிழைத்ததோடு திருந்தவும் செய்தது. 1955இல் 195 குதிரைச் சக்தியுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வந்தது. 1956இல் புதிய உடலும், ஏற்றியிறக்கும் கண்ணாடியும், வெளிப்புறக் கைபிடியும் வந்தன. அவ்வாண்டு ஜனவரியில் டன்ரோவ் தாமே பந்தயத்துக்கென ஆயத்தம் செய்த கொர்வெட்டை புளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் மணிக்கு 150 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகத்திற் செலுத்திக் காட்டினார். 1957இல் எரிபொருளை உட்செலுத்தும் முறையும் நான்கு படிக் கியரும் சேர்ந்தன. 1956இல் 3,467 ஆக இருந்த உற்பத்தி 1960இல் பதினாயிரத்தைக் கடந்தது. 1954இல் கனவாயிருந்த தொகை ஆறு ஆண்டுகளின் பின் நனவாயிற்று. தண்டர்பேட்டோ 1958இல் நால்வர் அமரும் காராக மாறி, அந்தக் களத்தைவிட்டே விலகிக்கொண்டது.

பிற்காலத்திலே திறந்த கொர்வெட்டுக்கு மற்றோர் இடைவேளையும் நேர்ந்தது. 1975க்குப் பின் அவ்வகை நிறுத்தப்பட்டு 1986இலேயே மீண்டும் வந்தது. கிடைக்காத பொருளின்மீது மனம் செல்வது உலக இயல்பன்றோ? பழைய வண்டிகளைத் தேடுவோர் பெருகினர். 1974இல் அவற்றைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்கும் நோக்கத்தோடு ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. 1994இல் கென்டக்கி மாநிலத்துப் போலிங் கிரீன் நகரில் கொர்வெட்டுக்கெனத் தேசிய அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அதன் தரை திடீரெனப் பிளந்து எட்டு வண்டிகளை விழுங்கியபோது, நாடெங்கும் அது செய்தியாயிற்று.

விலை ஏறிய இடத்தில் வஞ்சகமும் ஏறும். எனவேதான் இன்று வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனர். கண்ணாடி நார் உடல் துருப்பிடியாது நின்றாலும், அதைத் தாங்கும் உருக்குச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பளபளக்கும் புதிய வர்ணத்தின் கீழே பழைய விபத்தின் வெடிப்பு மறைந்திருக்கலாம். உடற்பகுதிகளை ஒட்டிய பட்டிகள் மாறியிருந்தால் அதுவே சாட்சி. 1953ஆம் ஆண்டு வண்டியாயின் அதன் இலக்கம் ஈ, 53, எப் என்பவற்றோடு தொடங்கவேண்டும். எப் என்பது பிளின்ட் நகரைக் குறிக்கும். அந்நாளைய வண்டி இலக்கம் எஞ்சினின் வகையைக் கூறாது. அவ்வழக்கம் 1972இலேயே வந்தது. ஆகவே எரிபொருள் உட்செலுத்தும் 1957ஆம் ஆண்டு வண்டி என்று ஒருவன் பெருவிலை சொன்னால், எஞ்சினின் முற்பக்கத்துப் பொறிப்பையும், வார்ப்பிலே பதிந்த நாளையும் ஒப்பிட்டே நம்பவேண்டும். பொறிப்பை அராவி மீளப் பொறிப்பவரும் உளர்.

இந்த ஆராய்ச்சியிலே ஒரு விந்தை வெளிப்படும். ஆறு சிலிண்டர் எஞ்சினின் மெதுவைப் பொறாத பழைய சொந்தக்காரர் சிலர், அதை எடுத்தெறிந்து எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பூட்டினர். வண்டி வேகமாக ஓடியது. ஆனால் இன்று அதன் மதிப்புக் குறைந்துவிட்டது. மழையிலே செருக முடியாமல் சபிக்கப்பட்ட திரைச் சட்டங்கள், வெளிக் கைபிடியில்லாக் கதவு, இரு படிக் கியர் ஆகியவை மாறாமல் இருக்கும் வண்டியே இன்று பெருவிலை பெறுகின்றது. 1954இல் விற்பனைச் சாலைக்கு வந்தவன் எவற்றைக் கண்டு பணத்தை மீண்டும் பைக்குள் வைத்தானோ, அவை அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தே இன்று வாங்குபவன் பணத்தை வெளியே எடுக்கின்றான்.