ஒருவரே நடிக்கும் நாடகமும் காணப்படாத கேட்போரும்

வடமொழி நாடக இலக்கணத்தில் 'பாணம்' என்றொரு வகை உண்டு. பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் கூறும் பத்து வகை ரூபகங்களுள் அதுவும் ஒன்று. ஓரங்கம்; ஒரே நடிகர். அவர் மேடையில் இல்லாத ஒருவரை நோக்கிப் பேசுவார். அவர் தரும் மறுமொழி அவைக்குக் கேளாதாதலின், 'என்ன சொல்கிறாய்?' என்று வினவித் தாமே அதனைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். ஆகாச பாஷிதம் என்பது இவ்வுத்தியின் பெயர். திரையில் ஒருவரே நடிப்பதை முழுப் புதுமையெனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

ஐரோப்பியர்க்கு இவ்வுத்தியைத் தொலைபேசி எளிதாக்கிக் கொடுத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோவின் 'மனிதக் குரல்' 1930ஆம் ஆண்டில் பாரிசில் மேடையேறியது. ஓர் அறை, ஒரு பெண், தன்னைப் பிரியும் காதலனோடு கடைசி உரையாடல், அவ்வளவே. இத்தாலிய இயக்குநர் ரோசலினி 1948இல் அன்னா மஞ்ஞானியை நடிக்க வைத்து இதனைப் படமாக்கினார். பாணத்தின் நடிகர் மறுமொழியைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. மஞ்ஞானிக்கோ அது மிகுதியாகத் தேவைப்படவில்லை. படப்பிடிப்புக் கருவி முகத்தை நெருங்கி நிற்கையில், அவர் வாய்மூடிக் கேட்கும் நேரத்திலேயே மறுமுனையில் சொல்லப்பட்டது இன்னதென நமக்கு விளங்கிவிடுகிறது.

இந்தியாவில் 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'யாதேன்' என்னும் இந்திப் படம் இத்துறையில் முன்னோடி. சுனில் தத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். வீடு திரும்பும் கணவன் மனைவி மக்களைக் காணாது, அவர்கள் தன்னைத் துறந்து சென்றனர் என எண்ணிப் பழைய நினைவுகளில் உழல்கிறான். இறுதியில் நர்கிசின் நிழலுருவம் மட்டும் தோன்றும். துணிவான முயற்சிதான். ஆயினும் பேசுவதற்கு ஆளில்லாத அம்மனிதன் சுவரோடும் பொருள்களோடும் பேசவேண்டியிருந்தது. இயக்குநரும் பலூன்களையும் வரைந்த உருவங்களையும் துணைக்கு அழைக்க நேர்ந்தது. அவன் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறான் என்னும் ஐயம் நமக்கு எழவே செய்கிறது.

2019இல் இரா. பார்த்திபன் எழுதி, இயக்கி, தயாரித்துத் தாம் ஒருவரே திரையில் தோன்றிய 'ஒத்த செருப்பு சைஸ் 7' இவ்வையத்திற்கே இடம் வைக்கவில்லை. களம் காவல் நிலைய விசாரணை அறை. கொலைக் குற்றத்தில் ஐயுறப்பட்ட மாசிலாமணி அங்கே பேசியே ஆகவேண்டும். மௌனமும் குற்றமாகவே கொள்ளப்படும் இடம் அது. அதிகாரிகளின் குரல்கள் கேட்கும், உருவம் தெரியாது. நோயுற்ற மகனைப் பற்றிய கவலை வேறு அவரை அரிக்கிறது. மருட்டல், நகைப்பு, திடீர்க் கண்ணீர் எனப் பேச்சு திசைமாறுந்தோறும் உண்மை எது, புனைவு எது என்று நாம் தடுமாறுகிறோம். ஆளில்லாத இடத்தில் ஆளை நிறுத்தும் பொறுப்பு ஒலியைச் சார்ந்தது. ஆதலின் இப்படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது மிகவும் பொருத்தமே. படத்திற்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதும் வழங்கப்பட்டது.

இங்கே தமிழாசிரியர்க்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன் என்பவற்றைத் தனித்தனி உறுப்புகளாக வைத்துள்ளது. நாம் வகுப்பில் 'இது தோழி கூற்று' என்று எழுத வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம், கேட்போரைக் கேட்பாரில்லை! அகப்பாட்டில் தோழி தலைவியிடம் பேசுவாள். ஆனால் அச்சொற்கள் வேலிப்புறத்தே மறைந்து நிற்கும் தலைவன் செவியை நோக்கியனவாகவே இருக்கும். அதனையே சிறைப்புறம் என்கிறோம். கேட்போர் மாறினால் கூற்றின் பொருளும் மாறும்.

மாசிலாமணியின் பேச்சையும் இவ்வாறே நோக்கலாம். அவர் விடை சொல்வது அதிகாரிகளுக்கு. அவர்களுக்கு வேண்டியது சான்று. எனவே சான்றாகக் கூடியதை விடுத்து மற்றெல்லாவற்றையும் கதையாகச் சொல்கிறார். மனைவியைப் பற்றி அவர் சொல்லும் இடங்களில் அதிகாரிகள் பொறுமையிழக்கின்றனர். சிறைப்புறத்தே இருளில் அமர்ந்திருக்கும் நாமோ, அங்கேதான் காதைத் தீட்டிக்கொள்கிறோம்.