பத்து அடியும் ஒரு சேதியும்

பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மாகாணத்தின் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி கவர்னர் தாமஸ் மன்றோ முந்தின ஆண்டு விவரம் கேட்டிருந்தார். அதற்கான பதில் அது. காலை ஆறு மணிக்குப் பள்ளி திறக்கும். முதலில் நுழையும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி: அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க, திண்டுக்கல் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியரின் வழக்கம் இருக்கிறது. முதல் பீரியடில் யாராவது வாசலில் வந்து நின்றால், "வாடா தம்பி, என்ன சேதி கொண்டாந்திருக்க?" என்பார். வந்தவன் வழியில் கண்டதை வகுப்புக்கு மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்காரலாம். 'பஸ் வரலை' என்பது செல்லாது. அது எல்லாருக்கும் தெரிந்த பழைய சேதி. பஸ் வராத நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று திருப்பிச் சொன்னாலும் ஏற்க மாட்டார்.

"ஐயா, இன்னைக்கு வியாழக்கிழமை, அய்யலூர்ச் சந்தைங்கய்யா. ரோடு பூரா ஆட்டு வண்டி. ஒரு கிடா மட்டும் இறங்கி எங்களோட பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு."

"அதுக்காவது பஸ் நின்னுச்சா?"

வகுப்பு முழுக்கச் சிரிக்கும், சொன்னவனும் சேர்ந்து. அடுத்த நிமிடம் பாடம் தொடங்கிவிடும்.

பெல்லாரியிலிருந்து வந்த விவரம் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. விடியுமுன் போய்ச் சேர வேண்டிய திண்ணைப் பள்ளி, அங்கே பிரம்பு, சட்டாம்பிள்ளை என்று உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்திலும் அந்த உலகம் வருகிறது. காம்ப்பெல்லும் குறை மட்டும் எழுதியவர் அல்லர். பெரிய மாணவர் சிறியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை அவர் மனதாரப் புகழ்ந்தார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார். தண்டனைகள் கடுமையானவை என்று எழுதியவரும் அவரே.

அவர் தந்த கணக்கையே போட்டுப் பார்க்கலாம். பெல்லாரியில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள். பள்ளிக்குச் சராசரி 12 பேர். அப்படியானால் கடைசியாக வரும் பையனுக்கு 10 அடி. பன்னிரண்டு பேரும் மணி ஆறு அடிப்பதற்குள் வந்துவிட்டாலும் யாரோ ஒருவன் கடைசியாகத்தான் இருப்பான், அவனுக்கும் பத்துதான். அந்த முறை நேரத்தை அளக்கவில்லை. பிள்ளைகளை ஒருவனுக்கு எதிராக ஒருவனை ஓட விட்டது. இன்றைய பள்ளி மணி அந்த வகையில் நியாயமானது. மணிக்குள் எல்லாரும் வரலாம், ஒருவருக்கும் அடி விழ வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. எட்டு அடி நிச்சயம் என்று தெரிந்த பையன் வழியிலேயே திரும்பிவிடுவதற்குத்தான் காரணம் அதிகம். அடியை எண்ணி வைத்துவிட்டால் தாமதத்துக்கு ஒரு விலை குறித்தாகிவிட்டது. அந்த விலை கட்டாதவன் வரமாட்டான், கட்டத் துணிந்தவன் கட்டிவிட்டு நிம்மதியாக உட்காருவான். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஊரி நீசி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற பொருளியலாளர்களின் அந்த ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆசிரியைகளைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் ஒருமுறை காசாக மாறியபின் திரும்பி வரவில்லை.

நம் தமிழாசிரியரின் வகுப்பில் விலை எதுவும் இல்லை. ஆனால் கூச்சம் இருக்கிறது: நாற்பது பேர் முன்னால் வாய் திறந்து பேசியாக வேண்டும். சிலருக்குப் பிரம்படியே தேவலை என்று தோன்றியிருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிரிப்பு எல்லாமே ஒன்றல்ல. "வாங்க கலெக்டர் சார், இப்பத்தான் விடிஞ்சுதா?" என்பதும் வகுப்பைச் சிரிக்க வைக்கும். அந்தச் சிரிப்பில் வாசலில் நிற்பவனுக்குப் பங்கில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டு நாக்கை எடுத்துக்கொண்ட ஆசிரியர் மாறிவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேதி கேட்கும் முறையில் சிரிக்க வைப்பவன் அந்தப் பையனே. அதுதான் வித்தியாசம், அது சிறியதல்ல.

ஆனால் திண்ணைப் பள்ளி ஒரு விஷயத்தில் முந்திக்கொள்கிறது. முதலில் வந்தவனை அது கவனித்தது. உள்ளங்கையில் எழுதிய அந்தப் பெயரோடு பையன் வீடு திரும்பியிருப்பான். தாமதமாக வருபவன் மேல் அன்பு காட்டும் ஆசிரியர்கள், மழையிலும் எட்டரைக்கே வந்து நிற்கும் பிள்ளையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மரியாதையைச் செய்தது: முன்னதாக வந்தால் சூடாக உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ காத்திருக்கும். பெரிய வகுப்புகளுக்கு அது இல்லை. கரும்பலகையில் அன்றைய குறளை எழுதும் வேலையை முதலில் வருபவருக்குக் கொடுக்கலாம். எங்கள் தமிழாசிரியரிடம் சொன்னேன், மறுவாரமே செய்தார்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறு. திண்ணையில் அடி வாங்கியவனிடம் ஏன் தாமதம் என்று கேட்க அந்த முறையில் இடமே இல்லை. வரிசையில் அவன் எத்தனையாவது ஆள் என்று தெரிந்தால் போதும். ஆனால் திண்டுக்கல் வட்டாரத்தில் காரணங்கள் வீட்டுக்கு வீடு வேறு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தால்தான் சந்தையில் விலை கிடைக்கும், தோட்டத்தில் வீட்டுப் பிள்ளையின் கையும் வேண்டியிருக்கும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் காலைச் சமையல் மூத்த பெண்ணின் தலையில். இலவச பஸ் பாஸ் அரசு பஸ்ஸில் மட்டுமே செல்லும். ஊருக்கு வரும் ஒரு டவுன் பஸ் கூட்டத்தைப் பார்த்து நிற்காமல் போனால் தனியார் பஸ்ஸுக்குக் கையில் காசு வேண்டும்.

இவை பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன சேதிகளில் வந்தவை. ஒரே பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் தாமதமானால் ஆசிரியர் சேதி கேட்பதில்லை, இடைவேளையில் தனியே கூப்பிட்டு விசாரிக்கிறார். பஸ் விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு டிப்போவுக்கு அனுப்பலாம் என்று இப்போது பேச்சு நடக்கிறது. எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தக் கிழமை, எத்தனை பேர் என்று மனுவில் எழுத வேண்டிய விவரம் முழுவதும் அவரிடம் தயாராக இருக்கிறது.