மில்லுக்கு வந்தவர்கள்

2021 ஜூனில் சென்னையைக் காலி செய்துவிட்டுக் கோவைக்கு வருவதற்கு முன்னால் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இன்ஜினியர் புத்தி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். சாதகத்தில் வாடகை, சிறுவாணித் தண்ணீர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, அப்பா அம்மா இருக்கும் பொள்ளாச்சிக்கு ஒரு மணி நேர பஸ். பாதகத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் பயந்தேன்: ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டால்? அதற்குப் பத்துக்கு இரண்டு என்று மதிப்பெண் போட்டு மூடிவிட்டேன்.

போன மாதம் கூப்பிட்டுவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் சென்னையில் இருக்க வேண்டும்.

பழைய ஷீட்டைத் திறந்து பார்த்தபோது, எனக்கு முன்னால் இந்த ஊருக்குக் குடிவந்தவர்கள் இதே கணக்கை எப்படிப் போட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். கோவை பெரும்பாலும் வந்தவர்களால் ஆன ஊர். 1901 கணக்கெடுப்பில் இங்கே வெறும் 53 ஆயிரம் பேர்தான்.

அப்போது ஷீட் போட்டிருந்தால் பாதகம்தான் நீளமாக இருந்திருக்கும். 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன ரயில் பாதை ஊருக்குள் வராமல் போத்தனூர் வழியாகப் போனது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்ட பிறகுதான் ஊருக்கு ரயில். (இன்றைக்கும் சில ரயில்கள் போத்தனூரோடு போய்விடும். ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே இறங்கி ஆட்டோ தேடியவர்களுக்கு இந்த வரலாறு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) குடிதண்ணீர்ப் பஞ்சம் தீரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. ஊரைச் சுற்றி இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நெரிசலைக் குறைக்க ஊரை மேற்கே விரித்ததில்தான் இன்றைய ஆர்.எஸ்.புரம் உருவானது.

சிறுவாணித் தண்ணீரை நான் சாதகத்தில் எழுதினேன், ஏதோ ஊரோடு பிறந்தது மாதிரி. அந்த மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விடாமல் சொன்னவர் சே.ப.நரசிம்மலு நாயுடு. ஈரோட்டில் பிறந்து, சேலத்தில் பத்திரிகை நடத்தி, அப்புறம் கோவைக்கு வந்தவர். அவரும் வந்தவர்தான். 1922இல் இறந்துபோனார். தண்ணீர் அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான் வந்தது. காப்பிக் கொட்டை பதப்படுத்தும் தொழிலோடு வந்து, 1888இல் ஊரின் முதல் பஞ்சு மில் தொடங்கக் காரணமாக இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸும் வெளியூர்க்காரர். நாயுடுவுக்கும் அந்த மில்லில் பங்கு உண்டு.

ஆனால் ஊரை நிஜமாகவே புரட்டிப்போட்டது பைக்காரா. 1932இல் நீலகிரியின் அந்த நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் மலிவான மின்சாரம் கோவைக்கு வந்தது. கரிசல் காட்டில் பருத்தி ஏற்கனவே இருந்தது. பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்களாக முளைத்தன. 1931இல் ஒரு லட்சத்தைத் தொடாத ஊர் 1951இல் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். இருபது வருடத்தில் இரட்டிப்பு.

வந்தவர்களில் பலர் சுற்றுவட்டார மானாவாரிக் கிராமத்துக்காரர்கள். பண்ணையத்தில் வருசக் கூலிக்கு இருந்தவனுக்கு, மாசம் பொறந்தால் கையில் காசு என்பது எந்த ஷீட்டிலும் அடங்காத சாதகம். அதற்கு விலையும் இருந்தது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, தறியும் ஸ்பிண்டிலும் சொன்னபடி வாழ வேண்டும். சங்கம் வைத்தால் அடியாட்கள் வருவார்கள். அப்படி ஒரு அடியாள் செத்த வழக்கில்தான் 1946 ஜனவரி 8 அன்று ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். அந்த ஊர் வழியாக ஏர்போர்ட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பெயர்ப் பலகையைப் படித்ததோடு சரி.

எங்கள் வீட்டு ஓனரும் மில்லில் இருந்தவர்தான். "அப்பெல்லாம் மில்லு வேலைன்னா பொண்ணு குடுக்க வரிசையில நிப்பாங்க தம்பி. ஒரு மில்லுல மேஸ்திரியோட ஒத்து வரலீன்னா அடுத்த மில்லு. அந்தச் சங்கு இங்க கேக்கும்" என்றார். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. நடுத்தர நகரத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் முதல் வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டாவது சங்கு கேட்கிறதா என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. டைடல் பார்க் 2010இல் வந்துவிட்டது, சரவணம்பட்டியில் ஆபீஸ்கள் நிறைய. ஆனால் நான் செய்யும் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களை எண்ண ஒரு கை போதும்.

இரண்டாவது சங்கும் சில நேரம் காப்பாற்றாது. எல்லாமே பஞ்சாக இருந்தால் எல்லாம் சேர்ந்து விழும். மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோது கோவை தப்பித்தது பட்டறைகளால். மில் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்த லேத்துகள், பைக்காரா மின்சாரம் கிணறுகளுக்கும் போனதால் பெருகிய பம்ப் செட், மோட்டார், அப்புறம் வெட் கிரைண்டர். ஒரு ஷெட்டும் ஒரு லேத்தும் இருந்தால் ஒரு ஆள் முதலாளி. ஓனர் விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தில் கட்டியதுதான் நான் இருக்கும் மாடி. அவர் பையன் கணபதியில் பம்ப் பட்டறையில் இருக்கிறார்.

அவருடைய கடைசித் தம்பி மட்டும் அரசாங்க மில்லிலேயே தங்கிவிட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்திய இயந்திரங்கள் அப்புறம் ஓடவில்லை. கொஞ்ச காலம் பாதிச் சம்பளம். அதே மார்ச்சில்தான் என் ஆபீஸ் லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது, முழுச் சம்பளத்தோடு. அவர் வேலையை நிறுத்திய அதே உத்தரவுதான் என்னை இந்த மாடிக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவர் மாடிப்படியில் எதிரே வந்தால் எனக்கு இப்போதெல்லாம் சரியாகப் பேச வரவில்லை.

இன்னொரு வரியும் என் ஷீட்டில் விட்டுப்போயிருந்தது. எனக்கு மலிவாகப் பட்ட வாடகை எனக்கு முன்னால் இருந்த குடும்பத்துக்கு மலிவு இல்லை. அவர் ஃபவுண்டரியில் மோல்டர். எட்டாயிரத்துக்கு இருந்தார்கள். நான் பதிமூன்று சொன்னதும் ஓனருக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. அவர்கள் சூலூர் பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டக்கா சொல்லித்தான் தெரியும்.

"என்ன தம்பி, இருக்கீங்களா, காலி பண்றீங்களா? போர்டு மாட்டணுமில்ல?" என்று நேற்று ஓனர் கேட்டார். இரண்டு மாதம் டைம் கேட்டிருக்கிறேன். திங்கள் ராத்திரி போய் வெள்ளி காலை திரும்புகிற மாதிரி சேரன் எக்ஸ்பிரஸில் நான்கு வாரத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. மூன்றாவது வாரம் மட்டும் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்.