ஜப்பானிய வட்டார வழக்குகளும் பெண்மொழியும்

ஜப்பானில் பெண்களுக்கெனத் தனிப் பேச்சு உண்டு என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. வாக்கிய இறுதியில் 'வா', 'கஷிரா' போன்ற மென்மையான ஈறுகள் அதன் அடையாளம். ஆனால் அது டோக்கியோவில் உருவான வழக்கு. வடகிழக்கே தோஹொகு கிராமங்களில் மூதாட்டிகள் 'நான்' என்பதற்கு 'ஒரே', 'ஒரா' என்றே சொல்லிவந்தார்கள். தலைநகரத்துக் காதுக்கு 'ஒரே' முரட்டு ஆண் பேச்சு. எடோ காலத்தில் பெண்களும் அச்சொல்லை வழங்கியது பிற்காலத்தில் மறந்துபோயிற்று.

தலைநகரப் பேச்சை உயர்த்தி ஊர்ப்பேச்சைத் தாழ்த்தும் இந்த ஏற்றத்தாழ்வு, எடோவை அடுத்த மெய்ஜி காலத்தில் (1868–1912) வேரூன்றியது. படித்த டோக்கியோவாசிகளின் பேச்சே பொதுமொழிக்கு அடிப்படையாக வேண்டும் என்று 1895இல் மொழியியலாளர் உவேதா கசுதோஷி வாதிட்டார். பாடநூல்களும், 1925இல் தொடங்கிய வானொலியும் அதை நாடெங்கும் பரப்பின. ஒகினாவாப் பள்ளிகளில் ஊர்ப்பேச்சு பேசிய பிள்ளையின் கழுத்தில் 'ஹோகென் ஃபுதா' என்னும் மரப்பலகையை மாட்டினார்கள். அடுத்து அகப்படும் பிள்ளைக்கு அது கைமாறும். குழந்தைகளையே ஒருவரையொருவர் வேவு பார்க்கவைத்த கொடுமை அது.

பெண்மொழியின் பிறப்போ இன்னும் வியப்பானது. டோக்கியோ பள்ளி மாணவியரின் 'தெயோ', 'தவா' ஈறுகளை 1888இல் எழுத்தாளர் ஒசாகி கோயோ தரக்குறைவானவை என்று கண்டித்தார். சில பத்தாண்டுகளில் நாவல்களும் மகளிர் இதழ்களும் அதே பேச்சை நற்குடிப் பெண்ணின் பேச்சாக்கிவிட்டன. இந்த வரலாற்றை ஆய்வாளர் மியாக்கோ இனோவே விரிவாக எழுதியிருக்கிறார். பழி முழுவதும் ஊர்ப்புறப் பெண்கள்மேல் விழுந்தது: அவர்கள் பேச்சு பட்டிக்காட்டுத்தனம் என்றும், பெண்மை குறைந்தது என்றும் இரட்டை முத்திரை பெற்றது.

எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே முத்திரை கிடைக்கவில்லை. கியோட்டோ பேச்சு நளினமான பெண்ணின் குரலாயிற்று. வெளியூர்களிலிருந்து வந்து மைக்கோவாக (இளம் கெய்ஷா) கலைப்பயிற்சியில் சேரும் சிறுமியர் முதலில் அதைக் கற்றாக வேண்டும். ஒசாகா பேச்சு வணிகருக்கும் நகைச்சுவைக் கலைஞருக்கும் உரியதானது. ஹிரோஷிமா வழக்கையோ, ஃபுகாசாக்கு கின்ஜியின் 1973ஆம் ஆண்டுத் திரைப்படம் யாகூசா என்னும் குற்றக்கும்பல்களின் அடியாட்களோடு பிணைத்துவிட்டது. கதைமாந்தரின் வகையை உடனே உணர்த்தும் இத்தகைய பேச்சுக்கு 'யாகுவாரிகோ' (பாத்திர மொழி) என்று பெயரிட்டவர் மொழியியலாளர் கின்சுயி சதோஷி.

அண்மைக் காலத்தில் இளைஞர்கள் பிற ஊர்ப் பேச்சை ஆடைபோல் அணிந்து கழற்றுகிறார்கள். ஆய்வாளர் தனாகா யுகாரி இதை 'வழக்கு வேடம்' என்கிறார். இளம்பெண் வாயில் வட்டாரச் சொல் இனிக்கிறது. அதையே பிறந்தது முதல் பேசிய கிழவிக்கு அந்தப் பாராட்டு வாய்ப்பதில்லை. அவ்வகையில் 2018 ஜனவரியில் அகுதகாவா இலக்கியப் பரிசை வென்ற வகாதாகே சிசாக்கோவின் நாவல் முக்கியமானது. தோஹொகுவை விட்டு டோக்கியோ பக்கம் குடியேறிப் பல பத்தாண்டுகள் கழித்த 74 வயது மொமோக்கோ அதன் நாயகி. கணவனை இழந்த அவளுக்குள் எழும் குரல்கள் பிறந்த மண்ணின் பேச்சிலேயே பேசுகின்றன.