முடுக்கம்

ஒரு பொருளின் திசைவேகம் காலத்தைப் பொறுத்து மாறும் வீதமே முடுக்கம். இலங்கை வழக்கில் ஆர்முடுகல். வேகத்துக்கு அளவு மட்டுமே உண்டு. திசைவேகத்துக்கு அளவோடு திசையும் உண்டு. ஆகவே வேகம் கூடினாலும் குறைந்தாலும், வேகம் மாறாமல் திசை மட்டும் திரும்பினாலும் முடுக்கம் இருக்கிறது. நேர்ப்பாதையில் புறப்படும் ரயில் 40 வினாடியில் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டினால், அதன் சராசரி முடுக்கம் 0.5 மீ/வி². வினாடிதோறும் அதன் வேகம் சராசரியாக வினாடிக்கு அரை மீட்டர் கூடுகிறது. அலகில் வினாடி இருமுறை வருவது இதனால்தான்.

மாணவர் பெரிதும் தடுமாறுவது, மேல்நோக்கி எறிந்த பந்தின் கணக்கில். வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக எறிந்த பந்து 2 வினாடியில் உச்சியை அடையும். அந்தக் கணத்தில் திசைவேகம் சுழி. முடுக்கமும் சுழி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது உண்மையானால் பந்து கீழே வராமல் அங்கேயே நின்றுவிடும். காற்றின் தடையை ஒதுக்கினால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் பந்தின் முடுக்கம் கீழ்நோக்கிய 9.8 மீ/வி² தான்.

முடுக்கத்தின் எதிர்க்குறி வேகம் குறைவதையே காட்டும் என்பதும் சரியன்று. மேல்திசையை நேர்க்குறியாகக் கொண்டால், இறங்கும் பந்துக்கு முடுக்கம் எதிர்க்குறி பெறுகிறது; வேகமோ கூடிக்கொண்டே போகிறது. நேர்கோட்டு இயக்கத்தில், திசைவேகமும் முடுக்கமும் ஒரே திசையில் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிராக இருந்தால் குறையும். குறியை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது.

விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்றே கலிலியோ 1604 வாக்கில் கருதினார். காலத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது என்ற முடிவுக்குப் பின்னர் வந்தார். நேராக விழுவதை அளக்கும் அளவுக்கு நுட்பமான கடிகாரம் அன்று இல்லை. எனவே சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கினார். பாத்திரத்திலிருந்து வடிந்த நீரை நிறுத்துக் காலத்தைக் கணக்கிட்டார். அடுத்தடுத்த சமகால இடைவெளிகளில் கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும். மொத்தத் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இயற்பியல் வரலாற்றின் மிக அழகிய முடிவுகளில் ஒன்றான இது, 1638இல் லெய்டனில் அச்சான அவரது நூலில் விளக்கப்பட்டது. விழும் பொருளின் எடை அதன் முடுக்கத்தை மாற்றுவதில்லை என்பதை, 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விழவிட்டுக் காட்டினார்.

வட்டப்பாதையில் சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்கும் முடுக்கம் உண்டு. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் இந்த மையநோக்கு முடுக்கம் வேகத்தைத் தொடாமல் திசையை மட்டும் திருப்புகிறது. பூமியைச் சுற்றும் நிலவுக்கு இதன் மதிப்பு ஏறத்தாழ 0.0027 மீ/வி². நிலவு பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 60 புவி ஆரத் தொலைவில் இருக்கிறது. இந்த முடுக்கமும் தரையில் உள்ள 9.8இல் ஏறக்குறைய 3600இல், அதாவது 60இன் வர்க்கத்தில், ஒரு பங்கு. 1687இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’வில், ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதற்கு நியூட்டன் இந்த ஒப்பீட்டைச் சான்றாக வைத்தார்.